சோமாலியாவின் பசிக்கு எதைக் கொடுப்பது? மூட்டை, கைப்பேசிப் பணம், சிகிச்சை உணவு, கிணறு: ஓர் ஒப்பீடு

சோமாலியா இருக்கும் கிழக்கு முனையான ஆப்பிரிக்கக் கொம்பில் வறட்சி என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மில் சிலர் பணம் திரட்டத் தொடங்கிவிடுகிறோம். திரட்டுவது பெரிய பாடில்லை. கொடுப்பதில்தான் சண்டை வருகிறது. "பசிக்கிறவனுக்குச் சோறுதானே போட வேண்டும்? பணமாகக் கொடுத்தால் எங்கே போகும் என்று யார் கண்டது?" என்பார் ஒருவர். "இன்றைக்குச் சோறு போட்டால் அடுத்த வருஷமும் போட வேண்டும், கிணறு வெட்டிக் கொடுப்போம்" என்பார் இன்னொருவர். எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்ட மூன்றாமவருக்கு இது எதுவும் காதில் ஏறாது.

மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு மாதத்தில் சரி. அதைப் பிரித்தறிய, சோமாலியாவில் பசி எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

## பசி நுழையும் வழிகள்

அங்கே வருஷத்துக்கு இரண்டு மழை. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்வது கூ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது டெயிர். ஜனவரி முதல் மார்ச் வரையான ஜிலால்தான் கொடுங்காலம். ஒரு மழை தவறினால் ஊர் சமாளித்துக்கொள்ளும். ஆடு விற்பார்கள், கடையில் கடன் வைப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள். 2020 கடைசியில் தொடங்கி ஐந்து பருவ மழைகள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அப்போது சமாளிக்க எதுவும் மிஞ்சவில்லை.

ஆடு மேய்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல வருஷத்தில் ஓர் ஆட்டை விற்றால் இரண்டு மூட்டைச் சோளம் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லை. ஆடு மெலிகிறது, மெலிந்த ஆட்டுக்கு விலை குறைவு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டி வருவதால் சந்தையில் இன்னும் விழுகிறது. அதே மாதம் சோள விலை இரட்டிப்பாகிறது. இப்போது ஓர் ஆட்டுக்கு அரை மூட்டை. வீட்டில் தலைகள் குறையவில்லை, மூட்டைதான் நான்கில் ஒன்றாகிவிட்டது. இதனால்தான் அங்கே உணவு நிலையைக் கணிப்பவர்கள் மழையளவோடு 'ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ சோளம்' என்பதையும் மாதாமாதம் குறித்துவைக்கிறார்கள். 2011-ல் தெற்குச் சோமாலியாவின் பல சந்தைகளில் தானியம் இருந்தது. வாங்கத்தான் கையில் ஒன்றுமில்லை.

நாடு தன் உணவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022-க்கு முன்பு கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கருங்கடலில் போர் மூண்டதும் தலைநகர் மொகதிஷுவில் ரொட்டி விலை ஏறியது.

அடுத்தது போர். இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒன்று உண்டு. ஜுபா, ஷபெல் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருப்பதுதான் நாட்டின் நல்ல மண். சோளம் விளையும் பே பகுதி அங்கேதான் இருக்கிறது. பஞ்சம் வந்ததும் அங்கேதான். 1991 ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தபின் ஆயுதக் குழுக்கள் மாறி மாறி அந்த விளைநிலத்தைச் சூறையாடின. 1992-ல் அங்குள்ள பைதோவா நகரை 'சாவு நகரம்' என்றே எழுதினார்கள். 2011-ல் பஞ்சம் முதலில் அறிவிக்கப்பட்டது தெற்குப் பகூலிலும் கீழ் ஷபெலிலும். 2022-ல் மறுபடி பைதோவா விளிம்புக்கு வந்தது. 1992, 2011 என்ற இரண்டு பஞ்சங்களிலும் அதிகம் செத்தவர்கள் ரஹன்வெய்ன் குலத்து உழவர்களும், பாண்டு எனப்படும் சிறுபான்மையினரும். துப்பாக்கி பலம் அவர்களிடம் இல்லை, டாலர் அனுப்ப வெளிநாட்டில் உறவினரும் அதிகம் இல்லை. வறண்ட வடக்கிலும் மழை பொய்க்கிறது. ஆனால் அங்கே இந்த அளவுக்குச் சாவு விழுவதில்லை.

இப்போதும் தெற்கில் பெரும் கிராமப்பகுதி அல்-ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பின் கையில் இருக்கிறது. விளைச்சலுக்கு வரி, கால்நடைக்கு வரி, சாலையில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் வசூல். அரசுப் படையின் சாவடிகளிலும் கைநீட்டல் உண்டு. லாரிக்காரர் அதையெல்லாம் மூட்டை விலையில் ஏற்றிவிடுவார்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கொடுத்த பணம் எத்தனை நாளில் வாய்க்குப் போகிறது? வழியில் யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? உள்ளூர்ச் சந்தைக்கு நல்லதா, கெடுதலா? அடுத்த மழை பொய்க்கும்போது அந்த வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்?

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதற்கு மதிப்பெண் போடுவது கடினம்: செல்வாக்கே இல்லாத குடும்பத்தை இது எட்டுமா? மேலே சொன்ன உழவர்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பாருங்கள்.

## தானியம்

மனசுக்கு நெருக்கமானது இதுதான். நம் ஊரில் பஞ்சம் என்றாலே கஞ்சித் தொட்டி ஞாபகம் வருகிறதே, அதே உணர்வு. ஆனால் சோமாலியாவில் மூட்டைக்கு ஒரு மோசமான வரலாறு இருக்கிறது.

கடலிலேயே தொடங்குகிறது. 2005 ஜூனில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் 850 டன் அரிசியோடு போன செம்லோ என்ற கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து ஏறக்குறைய நூறு நாள் வைத்திருந்தார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்ட சோமாலியருக்கான அரிசி அது. 2008 டிசம்பரிலிருந்து ஐரோப்பியக் கடற்படை இந்தக் கப்பல்களுக்குக் காவல் போகிறது. கடலைத் தாண்டினால் துறைமுகம், கிடங்கு, லாரி, சாவடி. 1992-ல் நிவாரண மூட்டை ஆயுதக் குழுக்களுக்குச் சம்பளமாகவே மாறியது. மூட்டையைக் காக்கும் வேலைக்கும் அதே குழுக்களைத்தான் அமர்த்த வேண்டியிருந்தது. 2010-ல் ஐ.நா. கண்காணிப்புக் குழு ஒன்று, உணவு உதவியில் பாதிவரை வழியிலேயே போகிறது என்று எழுதியது. உலக உணவுத் திட்டம் அதை மறுத்தது. அந்த ஜனவரியில்தான் அந்த அமைப்பு தெற்கில் பெரும்பகுதியை விட்டு வெளியேறியிருந்தது. அடுத்த வருஷம் பஞ்சம் வந்தபோது அங்கே மூட்டை கொடுக்க அந்த அமைப்பு இல்லை.

நேரமும் எதிரிதான். அமெரிக்காவில் விளைந்து, கணிசமான பங்கு அமெரிக்கக் கொடிக் கப்பலில்தான் ஏற வேண்டும் என்ற சட்டத்தின்படி வரும் தானியம் போய்ச் சேர நாலைந்து மாதம் ஆகும். மார்ச்சில் முடிவெடுத்தால் ஜூலை கடைசியில் வரும். கூ அறுவடையும் அப்போதுதான். அரை விளைச்சலையாவது விற்று நிமிரலாம் என்றிருந்த உழவருக்குப் பக்கத்துத் தெருவில் இலவச மூட்டை இறங்கும். நிவாரணத் தானியம் உள்ளூர் உழவரைக் கெடுக்கிறது என்பது 2010-ல் உலக உணவுத் திட்டத்துக்கு விதித்த தடைக்கு அல்-ஷபாப் சொன்ன காரணங்களில் ஒன்று. சொன்னவர்களின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், உழவர்களிடமும் அந்தக் குறை இருந்தது.

வீட்டுக்குள் வந்தபின்னும் செலவு நிற்பதில்லை. முழுத் தானியத்தை அரைக்கக் கூலி. வேகவைக்க விறகு. முகாமைச் சுற்றி விறகு தீர்ந்ததும் பெண்கள் நெடுந்தூரம் நடக்கிறார்கள், அந்த நடையில் அவர்களுக்கு நேரும் ஆபத்து நிவாரணக் கணக்கில் வராது. பாலுக்கும் மருந்துக்கும் காசு வேண்டி ரேஷனில் ஒரு பங்கைக் கிடைத்த விலைக்கு விற்பதும் சாதாரணம். அதை ஊழல் என்று சொல்வது அநியாயம்.

இத்தனைக்கும் பிறகு தானியமே சரியான வழியாக இருக்கும் இடங்கள் உண்டு. ஊர் முற்றுகையில் கிடக்கும்போது, வியாபாரி லாரியை விட மறுக்கும்போது, வெள்ளத்தில் சாலை அறுந்தபோது. 2023 கடைசியில் எல் நினோ மழையில் ஷபெல் ஆறு பெருகி பெலெத்வெய்ன் மூழ்கியது. கடையே தண்ணீருக்குள் இருக்கும்போது கைப்பேசியில் டாலர் வந்து என்ன பயன்?

கொள்ளை மிகுந்த இடத்துக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். 1992-ல் செஞ்சிலுவைச் சங்கம், மூட்டையாகக் கொடுப்பதைக் குறைத்து நூற்றுக்கணக்கான பொதுச் சமையல் கூடங்களைத் திறந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். சமைத்த சோற்றைக் கொள்ளையடித்துப் பதுக்கி விற்க முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். கஞ்சித் தொட்டிக்கு ஏங்குகிறவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

## கைப்பேசிப் பணம்

'பசித்தவருக்குப் பணமா' என்று முகம் சுளிப்பவர்கள் சோமாலியாவில் பணம் எப்படிப் புழங்குகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். மைய வங்கி 1991-ல் உருக்குலைந்தபின் நாட்டு நோட்டு அச்சாகவில்லை. புழக்கத்தில் இருக்கும் ஷில்லிங் நோட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே கள்ள அச்சு என்று பன்னாட்டு நிதியமே சொல்லியிருக்கிறது. அதனால் மக்கள் கைப்பேசி டாலருக்குத் தாவிவிட்டார்கள். உலக வங்கி 2018-ல் சொன்ன கணக்கில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 73% பேர் அதைப் பயன்படுத்தினார்கள். பொத்தான் வைத்த பழைய போன் போதும். குறுஞ்செய்தி வரும், கடைக்காரர் எண்ணை அழுத்தினால் பணம் அவருக்குப் போய்விடும். தேநீரும் குடத்துத் தண்ணீரும்கூட இப்படித்தான் வாங்கப்படுகின்றன. வங்கிகள் அரிதான நாடு நம்மைவிட முன்னால் போய்விட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

வேகத்தில் இதற்கு ஈடில்லை. பெயர்ப்பட்டியல் தயாராக இருந்தால் ஒரே நாளில் போய்விடும், சாவடியில் லாரியை மறிப்பதுபோல் இதை மறிக்க முடியாது. 2011-ல் மூட்டைக்கு வழியடைந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஹவாலா வியாபாரிகள் வழியாகவே பணம் போனது. பணம் வந்தால் விலை ஏறும் என்று பயந்தார்கள்; வாங்க ஆள் வந்ததைப் பார்த்த வியாபாரிகள் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பசிக்குக் காரணம் தானியமின்மையல்ல, காசின்மை என்ற கணிப்பு அந்த வருஷம் நடைமுறையில் சரியென்று தெரிந்தது. 2017-ல் பஞ்சம் தவிர்க்கப்பட்டதில் இந்த அனுபவத்துக்குப் பங்குண்டு. 2020-ல் அரசே உலக வங்கி நிதியில் 'பஹ்னானோ' என்ற மாத உதவியைத் தொடங்கியது, குடும்பத்துக்கு மாதம் 20 டாலர்.

இனி மறைந்திருக்கும் செலவு. மூட்டையில் கசிவு வழியில் நடக்கிறது, பணத்தில் கைக்கு வந்தபின் நடக்கிறது. மொகதிஷு, பைதோவா ஓரங்களில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் தனியார் நிலக்காரர்களும் 'வாசல்காரர்' எனப்படும் இடைத்தரகர்களும்தான். குடிசை போட இடம், தண்ணீர், ஓரளவு பாதுகாப்பு தருவார்கள். உதவி வந்த அன்று பங்கு கேட்பார்கள். 2023-ல் ஐ.நா. நடத்திய விசாரணையில், நிலக்காரர், உள்ளூர் அதிகாரி, ஆயுதம் ஏந்தியவர் என எல்லாரும் இப்படிப் பிடுங்குவது பரவலாக நடக்கிறது என்று தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சோமாலியாவில் உலக உணவுத் திட்டத்துக்கான நிதியைச் சில காலம் நிறுத்தியது. பிடுங்கப்படுபவர்கள் யார் என்று பார்த்தால் மறுபடியும் அதே சிறுபான்மைக் குலத்தவர்கள்தான். பட்டியலில் பெயர் சேர்ப்பதும் பெரும்பாலும் பெரிய குலத்தின் பெரியவர்கள் கையில். போன் வீட்டு ஆண் கையில் இருந்தால் அது தனிக்கதை.

ஆகவே பணம் கொடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "பணம் போன அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு வாசல்காரர் தயவில்லாமல் போன் போட்டுப் பேசுகிறீர்களா?" நேராகப் பதில் சொல்பவர்களுக்குக் கொடுக்கலாம். 'எங்கள் திட்டத்தில் ஒரு காசுகூடக் கசியாது' என்பவர்களை நான் நம்புவதில்லை.

## குழந்தைக்கான சிகிச்சை உணவு

இதை மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்துவதே தவறு, இது உணவைவிட மருந்துக்குப் பக்கம். குழந்தையின் மேல்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடாவைக் கட்டிப் பார்க்கிறார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடா சிவப்பில் நிற்கும். அந்தக் குழந்தைக்குச் சோளக்கஞ்சி கொடுத்து மீட்க முடியாது. நிலக்கடலை, பால் பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துகள் சேர்த்து அரைத்த 92 கிராம் பாக்கெட் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், இரண்டு வருஷம் கெடாது. முதலில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, குழந்தை தானாகச் சப்பிச் சாப்பிடுகிறதா என்று பார்க்கிறார்கள். சாப்பிட்டால் வாரத்துக்கான பாக்கெட்டுகளோடு வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மருத்துவமனை. ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். 150 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டி ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கும் ஏறக்குறையப் போதும்.

மறைசெலவு இரண்டு. நாலு பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டில் ஒன்றுக்கு மட்டும் பாக்கெட் கொடுத்தால் அம்மா பங்கு போடத்தான் செய்வாள். பக்கத்திலேயே குடும்பத்துக்கும் உதவி இல்லையென்றால் சிகிச்சை இழுக்கும். இரண்டாவது, பஞ்சத்தில் குழந்தையைக் கடைசியாகக் கொல்வது பெரும்பாலும் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும். தடுப்பூசியும் குளோரின் கலந்த தண்ணீரும் இல்லாமல் பாக்கெட்டை மட்டும் அனுப்புவது பாதி வேலை.

## தண்ணீரும் கால்நடையும்

மிச்சம் வைப்பது என்ற கேள்வியில் இதுதான் முதல். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவம் மலிவு. ஓர் ஆட்டுக்கு மருந்து கொடுக்க 0.40 டாலர், செத்த ஆட்டுக்குப் பதில் இன்னொன்று வாங்க 40 டாலர் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2017 வறட்சியின்போது கணக்குச் சொன்னது. ஆடு பிழைத்தால் பால் பிழைக்கும், பால் இருந்தால் அந்தச் சிவப்பு நாடாவே பல வீடுகளில் தேவைப்படாது. புகைப்படத்துக்கு அழகாக இல்லாததால் இதற்குப் பணம் சேர்வது அரிது. ஆடுகள் செத்தபிறகு இதற்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கிணறு அவ்வளவு எளிதல்ல. ஆழ்துளைக் கிணறு போட்ட இடத்தில் மந்தைகள் குவியும்; சுற்றிலும் மேய்ச்சல் மொட்டையாகும்; தண்ணீர் இருந்தும் ஆடு புல்லின்றிச் சாகும். டீசல், உதிரிபாகம், இயக்குபவர் சம்பளம் எல்லாம் வருஷாவருஷம் வேண்டும். கிணறு எந்தக் குலத்தின் மண்ணில் என்பது இன்னும் பெரிய கேள்வி, ஒரு கிணற்றால் ஊர்ச்சண்டையே வரலாம். 2022-ல் ஹிரான் பகுதி மக்கள் அல்-ஷபாபை எதிர்த்து எழுந்தபோது அந்த அமைப்பு அங்கிருந்த கிணறுகளைத் தகர்த்தது. வடக்கில் மழைநீரைத் தேக்கும் 'பெர்க்கத்' எனும் சிமெண்டுத் தொட்டிகளைப் பழுதுபார்ப்பது இதைவிடச் சிறிய, பிழைக்கக்கூடிய வேலை. பெயர்ப்பலகைக் கிணற்றைவிட எனக்கு அதுவே மேல்.

## ஒரே பார்வையில்

| | தானியம் | கைப்பேசிப் பணம் | சிகிச்சை உணவு | தண்ணீர், கால்நடை |
|---|---|---|---|---|
| வேகம் | வெளிநாட்டிலிருந்து வந்தால் மாதங்கள் | நாட்கள் | இருப்பு இருந்தால் நாட்கள் | மருந்து வாரங்கள், கிணறு மாதங்கள் |
| கசிவு | வழியில் | கைக்கு வந்தபின் | குறைவு. வீட்டுக்குள் பங்கு | கிணற்றை யார் ஆள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது |
| சந்தைக்கு | அறுவடை நேரத்தில் கெடுதல் | சரக்கு வரவழைக்கும் | பாதிப்பில்லை | ஆட்டு விலையைத் தாங்கும் |
| மிச்சம் | இல்லை | கடன் அடையும், ஆடு தப்பலாம் | ஓர் உயிர் | அதிகம் |
| ஏற்ற நேரம் | சந்தை அறுந்தபோது | சரக்கு உண்டு, காசு இல்லை எனும்போது | எப்போதும் | மழை தவறிய முதல் பருவம் |

## அப்படியானால் எதற்கு?

சந்தையில் சரக்கு இருக்கிறது, விலைதான் எட்டவில்லை என்று செய்தி வந்தால் பெரும்பங்கைக் கைப்பேசிப் பணத்துக்குக் கொடுப்பேன். மீதியைச் சிகிச்சை உணவும் தடுப்பூசியும் சேர்த்துச் செய்யும் அமைப்புக்கு. முற்றுகை அல்லது வெள்ளம் என்றால் உணவு. ஒரே ஒரு மழைதான் தவறியிருக்கிறது, ஆடுகள் இன்னும் நிற்கின்றன என்றால் முழுத்தொகையும் கால்நடைக்கு. இதையெல்லாம் தூரத்திலிருந்து முடிவுசெய்ய முடியவில்லையென்றால், 'இதற்குத்தான்' என்று கட்டாமல் கொடுத்துவிடுவது நல்லது. பைதோவாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நாம் அதிகம் தவறுவது தேதியில். 2010 டெயிர் பொய்த்தது அந்த டிசம்பரிலேயே தெரியும், எச்சரிக்கைகளும் வந்தன. பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது 2011 ஜூலை 20-ல், பணம் பெரிதாக வந்தது அதற்குப் பிறகு. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று பின்னர் ஆய்வில் கணித்தார்கள், பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். 'பஞ்சம்' என்ற சொல்லின் வரையறையே அப்படி: ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடே இல்லை, குழந்தைகளில் 30% பேர் மெலிந்துவிட்டார்கள், 10,000 பேரில் நாளுக்கு இருவர் சாகிறார்கள் என்று மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம் என்பார்கள். 2022-ல் அந்தச் சொல் அறிவிக்கப்படவே இல்லை. அந்த ஒரு வருஷத்தில் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று மறுவருஷம் மதிப்பிட்டார்கள்.

ஆகவே தலைப்புச் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம். குழுவில் ஒருவரிடம், டிசம்பர் கடைசி வாரமும் ஜூன் கடைசி வாரமும் அந்த இரண்டு மழையும் எப்படிப் பெய்தன என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஒப்படையுங்கள். ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ சோளம் கிடைக்கிறது என்பதையும் அவரே பார்க்கட்டும்.